கிலேடாங்கில் இறங்கித் தள்ளினேன்

ஈப்போக்காரர்களுக்குக் கிலேடாங் மலையை அறிமுகம் செய்யத் தேவையில்லை. மற்ற ஊர் நண்பர்களுக்காகச் சொல்கிறேன். மெங்லெம்புக்குப் பின்புறம், உச்சியில் தொலைத்தொடர்புக் கோபுரங்களோடு நிற்கும் 808 மீட்டர் மலை அது. மேலே போகத் தார்ச்சாலை உண்டு. ஆனால் பொதுமக்களின் கார்களுக்கு அனுமதி இல்லை. அதனால் விடியற்காலையில் அது நடப்பவர்களின் மலை. சீனப் பெரியவர்கள் கழுத்தில் துண்டும் கையில் குச்சியுமாக, ஏதோ மளிகைக் கடைக்குப் போவதுபோல் ஏறிப் போவார்கள். சைக்கிளில் ஏறுகிறவர்களும் இருக்கிறார்கள். உடம்போடு ஒட்டிய சட்டை, ஒரே விரலில் தூக்கிவிடலாம் போன்ற வண்டி. அந்த வண்டியின் விலையைக் கேட்டாலே நமக்கு மூச்சு வாங்கும்.

நான் அந்த ரகம் இல்லை. என்னுடையது 300 வெள்ளிக்கு வாங்கிய பழைய மலைச் சைக்கிள். புந்தோங்கில் கம்போங் கச்சாங் பூத்தே பக்கம் ஒரு சுற்று, கடைக்கு ஒரு நடை, அவ்வளவுதான் அதன் வேலை. தரை சமமாக இருக்கும்வரை நானும் ஒரு சைக்கிளோட்டிதான். பருவ விடுமுறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்துக்கொண்டு கிலேடாங் ஏறப் போனேன்.

மேடு ஏறுவதில் ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. என் வண்டியின் மிக இலேசான கியரில் முன்னே 24 பல், பின்னே 28 பல். பெடலை ஒரு சுற்று மிதித்தால் பின்சக்கரம் ஒரு முழுச் சுற்றுகூட வராது, வண்டி 1.8 மீட்டர்தான் நகரும். நிமிடத்திற்கு 40 முறை மிதித்தால் மணிக்கு 4 கிலோமீட்டரைச் சற்றே தாண்டும். அது மனிதன் நடக்கும் வேகம். அந்த வேகத்தில் சைக்கிள் நேராகப் போக மறுக்கிறது. முன்சக்கரம் சாரைப் பாம்புபோல் நெளிகிறது. கை இழுத்துப் பிடிக்கிறது, தோள் வலிக்கிறது, நெஞ்சு தனியாக அடித்துக்கொள்கிறது.

மூன்றாவது வளைவில் எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு சீன அங்கிள் என்னை முந்தினார். நடந்துதான். “பெலான் பெலான் லா” என்று அன்போடு சொல்லிவிட்டுப் போனார். மெதுவாகப் போகச் சொல்கிறார்! அதைவிட மெதுவாகப் போனால் சைக்கிள் பின்னால் அல்லவா வரும்? நான் இறங்கினேன். தள்ளத் தொடங்கினேன்.

இறங்கித் தள்ளுவதில் ஒரு கூச்சம் இருக்கத்தான் செய்கிறது. எதிரே இறங்கி வருபவர்கள் பார்க்கும்போது, சங்கிலியில் ஏதோ கோளாறு போலக் குனிந்து பார்க்கத் தோன்றும். இந்தக் கூச்சம் எங்கிருந்து வந்தது என்று தள்ளிக்கொண்டே யோசித்தேன். 1996இல் தொடங்கிய லங்காவி சைக்கிளோட்டப் போட்டியில் கெந்திங் மலை ஏற்றத்தைத் தொலைக்காட்சியில் பார்த்திருக்கிறேன். அங்கே எவரும் தள்ளுவதில்லை. காலைத் தரையில் ஊன்றினால் தோல்வி என்பது விளையாட்டு வீரர்களின் சட்டம். ஞாயிற்றுக்கிழமை சைக்கிளோட்டிக்கு அந்தச் சட்டத்தை யார் எழுதி வைத்தார்கள்?

அதுவும் சைக்கிளை மேட்டில் தள்ளுவது எங்கள் குடும்பத்தில் நான் தொடங்கி வைத்த பழக்கமும் இல்லை.

அப்பா சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவர். 17 வயதில் பால்மரம் வெட்டப் போனார். விடியுமுன் பெரட்டு, பிறகு நிரை. வெயில் ஏறியதும் மங்குகளில் வடிந்த பாலைச் சேர்த்து ஸ்டோருக்குக் கொண்டுபோக வேண்டும். பாட்டியும் அத்தைமார்களும் காண்டாக் கம்பின் இருமுனையிலும் வாளியைத் தொங்கவிட்டுத் தோளில் சுமந்தார்கள். சைக்கிள் ஆண்களுக்கு. கேரியரின் இருபுறமும் மண்ணெண்ணெய் டின். ஒன்று 18 லிட்டர். இரண்டும் நிறைந்தால் ஏறக்குறைய 36 கிலோ. ரப்பர் பாலில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர் என்பதைப் பின்னாளில் படித்தேன். ஸ்டோரில் கணக்குப் போட்டதோ மீதி ஒரு பங்கிலுள்ள ரப்பருக்கு. அப்படியானால் அப்பா அந்த மேடுகளில் தள்ளியதில் பெரும்பகுதி சம்பளம் இல்லாத தண்ணீர்.

அந்தச் சைக்கிளுக்குக் கியர் ஒன்றே ஒன்று. ஒரு மிதிக்கு 5 மீட்டருக்கு மேல் ஓடும். சமதரைக்காகச் செய்த வண்டி. தோட்டம் ஏன் சமதரையில் இல்லை என்பதைக் கிலேடாங்கின் மேலிருந்து பார்த்தால் ஓரளவு புரிந்துவிடும். மரங்கள் விலகும் இடத்தில் கிந்தா பள்ளத்தாக்கு முழுதும் விரிகிறது. வெள்ளைச் சுண்ணாம்புக் குன்றுகள், நடுவில் கண்ணாடித் துண்டுகள்போல் பழைய ஈயக் குட்டைகள். பள்ளத்தாக்கின் தரையை ஈயம் எடுத்துக்கொண்டது. 1877இல் கோலகங்சாருக்கு 9 கன்றுகளாக வந்து, பிறகு ஊரெல்லாம் பரவிய ரப்பருக்கு மேட்டு நிலங்களும் மலையடிவாரச் சரிவுகளும் கிடைத்தன. 1985இல் ஈயத்தின் விலை சரிந்தது. ரப்பர் பல இடங்களில் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் இடம்விட்டது. அப்பாவின் தோட்டத்தில் மரங்களைச் சாய்த்தது 1996இல். லயத்துச் சுவரில் சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டு, சட்டிபானையோடு லோரியில் ஏறிப் புந்தோங் வந்ததாக அம்மா சொல்வார். அதற்குப் பிறகு அப்பா சைக்கிளைத் தொட்டதில்லை. தோட்ட வாழ்க்கையைப் பொற்காலமாக எழுதும் கட்டுரைகள் நம் இதழ்களில் குறைவில்லாமல் வருகின்றன. அப்பா அவற்றைப் படித்தால் சிரிப்பார் என்றே நினைக்கிறேன்.

நான் சைக்கிள் வாங்கி வந்த நாளில் அவர் சொன்னது ஒரே வாக்கியம். “அந்தச் சனியன விட்டுட்டுத்தான இங்க வந்தோம்.”

பாதி மிதித்தும் பாதி தள்ளியும் உச்சியைத் தொட்டேன். எவ்வளவு நேரம் ஆனது என்று எழுதப் போவதில்லை. அந்த அங்கிள் அதற்குள் இறங்கி வந்து, எனக்குக் கையும் காட்டிவிட்டுப் போயிருந்தார்.

இறக்கம்தான் உண்மையில் என்னை மிரட்டியது. கால்களுக்கு வேலையில்லை, விரல்களுக்கு ஓய்வில்லை. பிரேக்கை விடாமல் பிடித்தால் ரிம் சூடேறி, ரப்பர்க் கட்டை கத்தத் தொடங்குகிறது. விட்டால் அடுத்த வளைவு ஓடி வருகிறது. இரண்டு இடத்தில் நின்று ரிம் ஆறும்வரை காத்திருந்தேன். அடிவாரத்துக்கு வந்தபோது பிரேக்கு கைப்பிடியை ஒட்டிக்கொண்டு நின்றது.

அன்றிரவு சாப்பிடும்போது அப்பா, “ஏறிட்டியா?” என்று கேட்டார்.

“பாதி தள்ளிக்கிட்டுத்தான்பா போனேன்.”

“பின்ன? மேட்டுல மிதிச்சா பால் நிக்குமா?”

பாலா? நான் நிமிர்ந்து பார்த்தேன். அவர் தட்டைப் பார்த்தபடியே பேசினார். டின்னில் ஒரு கொத்து ரப்பர் இலையைப் போட்டு வைத்தால் பால் தளும்பாது. மழை நாளில் இரும்பு ரிம்மில் பிரேக்கு பிடிக்காது. இறக்கத்தில் ஒரு கை ஹேண்டில்பாரிலும் ஒரு கை சீட்டிலும் வைத்து, வண்டியைப் பின்னால் இழுத்துப் பிடித்தே நடக்க வேண்டும். ஒருமுறை நேரமாகிவிட்டதென்று மிதித்து ஏறப் பார்த்திருக்கிறார். டின் சாய்ந்து, இரண்டிலும் இருந்த பால் செம்மண்ணில் போனது. அன்று அரைப் பேர்தான் போட்டார்களாம். “வெள்ளையா ஓடுச்சு” என்றார். அதற்கு மேல் அதைப் பற்றிப் பேசவில்லை. இரசம் கேட்டார்.

மறுநாள் காலை நான் எழுந்தபோது சைக்கிள் வாசலில் தலைகீழாகக் கிடந்தது. தேய்ந்த பிரேக்குக் கட்டையைக் கழற்றிச் சட்டைப் பையில் மாதிரிக்குப் போட்டுக்கொண்டு, மோட்டாரில் மெங்லெம்பு கடைக்குப் போய் வந்திருந்தார். புதிய கட்டைகளைப் பூட்டி, வண்டியை நிமிர்த்தினார். ஏறி உட்காரவில்லை. ஒரு கை ஹேண்டில்பாரில், ஒரு கை சீட்டில். கேட்வரை தள்ளிக்கொண்டு போனார், திரும்பி வந்தார்.

“பின் பிரேக்கு இன்னும் கொஞ்சம் இறுக்கணும்” என்றார். “ஸ்பானர எடு.”