பனியில் சறுக்க அவுலிக்குப் போறீங்களா? ஜோஷிமத்தில் கொஞ்சம் நின்னுட்டுப் போங்க!

பனிச்சறுக்கு என்றதும் நம்மில் பலருக்கு சுவிட்சர்லாந்தும், அங்கே எடுத்த சினிமா டூயட்டும்தான் நினைவுக்கு வரும். ஆனால், பாஸ்போர்ட்டே இல்லாமல் காலில் ஸ்கீ கட்டிக்கொண்டு சறுக்க நம் நாட்டிலேயே ஓர் இடம் இருக்கிறது. உத்தரகாண்ட் மாநிலம், சமோலி மாவட்டத்தில் இருக்கும் அவுலி!

கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,500 முதல் 3,000 மீட்டர் உயரம். மணாலி போல நெரிசலான கடைவீதி இங்கே கிடையாது. ஓக், தேவதாரு மரங்கள், அவற்றுக்கு நடுவே வெள்ளைப் போர்வை விரித்தது போன்ற சரிவுகள், எதிரே 7,816 மீட்டர் உயர நந்தா தேவி. மாலையில் வெயில் இறங்கும்போது அந்தச் சிகரம் பொன்னிறமாக மாறுவதைப் பார்க்கவே வருகிறவர்கள் உண்டு.

முதல் பாடம்: விழுவது எப்படி?

'எனக்கு ஸ்கீயிங் தெரியாதே' என்று கவலைப்பட வேண்டாம். இங்கே வருகிறவர்களில் பலரும் புதியவர்கள்தான். மாநில அரசின் சுற்றுலா நிறுவனமான கர்வால் மண்டல் விகாஸ் நிகம், 7 நாள், 14 நாள் பயிற்சி வகுப்புகளை நடத்துகிறது. ஓரிரு மணி நேரம் ஆசைக்குச் சறுக்கிப் பார்க்க, உபகரணங்களை வாடகைக்கும் எடுக்கலாம்.

கணுக்காலை இறுகப் பிடிக்கும் கனமான பூட்ஸை மாட்டி, அதை ஸ்கீ பலகையில் பொருத்தியதும் நடையே மறந்துபோகும். முதலில் கற்றுத்தருவது பக்கவாட்டில் சாய்ந்து விழுவதையும், விழுந்தால் எழுந்திருப்பதையும்தான். அடுத்தது பிரேக். இரண்டு பலகைகளின் முன்நுனிகளையும் நெருக்கி, பின்பக்கத்தை அகட்டினால் வேகம் குறையும். இதற்குள் பத்து முறையாவது விழுந்திருப்பீர்கள். பக்கத்திலேயே உள்ளூர்ச் சிறுவர்கள் சர்ரென்று இறங்கிப் போவார்கள். கண்டுகொள்ளாதீர்கள்!

சறுக்க விருப்பமில்லாத பெரியவர்கள் வானிலை ஒத்துழைத்தால் சேர் லிஃப்டில் உட்கார்ந்தபடியே சரிவுகளைப் பார்க்கலாம். நடக்கத் தெம்பிருந்தால், ஓக் காட்டுக்குள் சுமார் 3 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் குர்சோ புல்வெளிக்குப் போய் வரலாம்.

பனி வருமா, வராதா?

டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச் தொடக்கம் வரை சீசன். ஆனால், பனி நம் லீவுக்குக் கட்டுப்பட்டதல்ல. 2011-ல் தெற்காசிய குளிர்கால விளையாட்டுப் போட்டிகள் நடந்த இதே சரிவுகளில், 2023 பிப்ரவரியில் நடக்கவிருந்த தேசிய பனிச்சறுக்குப் போட்டி பனி போதாமல் ரத்தானது. செயற்கைப் பனி இயந்திரங்கள் இருக்கின்றன. அவற்றுக்குத் தண்ணீர் தர மேலே ஓர் ஏரியையே வெட்டி வைத்திருக்கிறார்கள். ஆனால், குளிர் போதாவிட்டால் இயந்திரத்தாலும் பனி தர முடியாது. எனவே டிக்கெட் போடும் முன், தங்கப்போகும் விடுதிக்கு போன் செய்து, 'இப்போ பனி இருக்கா?' என்று நேராகவே கேட்டுவிடுங்கள்.

கீழே ஓர் ஊர் இருக்கிறது

அவுலிக்குப் போக ஜோஷிமத்தைத் தாண்டித்தான் ஆக வேண்டும். பலர் காரை விட்டு இறங்காமலேயே இந்த ஊரைக் கடந்துவிடுகிறார்கள். ஆனால், தமிழர்களுக்கு இது அந்நிய ஊர் அல்ல. 108 திவ்ய தேசங்களில் ஒன்றான, திருமங்கையாழ்வார் பாடிய திருப்பிரிதி இதுதான் என்பது வைணவ மரபு. குளிர்காலத்தில் பத்ரிநாத் நடை சாத்தியதும், ஆதிசங்கரரின் ஆசனம் இங்குள்ள நரசிம்மர் கோயிலுக்குத்தான் வரும்.

அந்த நரசிம்மரின் ஒரு கை நாளுக்கு நாள் மெலிந்துவருவதாகவும், அது ஒடியும் நாளில் மலைகள் சேர்ந்து பத்ரிநாத் வழி அடைபடும் என்றும் ஊரில் ஒரு நம்பிக்கை உண்டு. 2023 ஜனவரியில் பலரும் அந்தக் கதையை நினைத்துக்கொண்டார்கள். ஊர் மண்ணோடு இறங்க ஆரம்பித்தது. 800-க்கும் மேற்பட்ட கட்டடங்களில் விரிசல். ஒன்றன்மீது ஒன்று சாய்ந்த இரண்டு ஹோட்டல்களை இடித்தார்கள். பல குடும்பங்கள் வீட்டைப் பூட்டிவிட்டு முகாம்களுக்குப் போயின. அவுலிக்குப் போகும் சுமார் 4 கிலோமீட்டர் ரோப்காரும் அப்போதுதான் நிறுத்தப்பட்டது.

இது திடீரென்று வந்த ஆபத்தல்ல. இந்த ஊர் பழைய நிலச்சரிவின் மண்மேல் நிற்கிறது, இங்கே பெரிய கட்டுமானங்கள் கூடாது என்று 1976-லேயே மிஸ்ரா கமிட்டி எச்சரித்திருந்தது. அதன் பிறகும் மாடிக்கு மேல் மாடி எழுந்தது. அதில் ஒரு பங்கு, நம்மைப் போல விருந்தாளியாக வருகிறவர்களுக்காகக் கட்டியதுதான்.

அப்படியென்றால் போகக் கூடாதா?

போகலாம். கோடையில் பத்ரிநாத் யாத்ரீகர்கள், குளிர்காலத்தில் அவுலி. இதை நம்பித்தான் இங்கே டாக்ஸி ஓட்டுபவர்களும், டீக்கடைக்காரர்களும், ஸ்கீ சொல்லித்தருபவர்களும் வாழ்கிறார்கள். நாம் பயந்து ஒதுங்கினால், வீட்டில் விரிசல் விழுந்தவருக்குப் பிழைப்பிலும் விரிசல் விழும். எப்படிப் போகிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பெரிய கட்டடங்களைத் தேடாமல், ஊர்க்காரர்கள் நடத்தும் சிறிய விடுதிகளில் தங்குங்கள். தண்ணீரை அளவாகப் புழங்குங்கள். பிளாஸ்டிக் குப்பையைத் திரும்பக் கொண்டுவந்துவிடுங்கள்.

எப்படிப் போவது?

டெல்லி வழியாக ஹரித்வார் அல்லது ரிஷிகேஷுக்கு ரயிலில் போகலாம். விமானம் என்றால் டேராடூன். ரிஷிகேஷிலிருந்து ஜோஷிமத் சுமார் 250 கிலோமீட்டர். மலைப்பாதை என்பதால் ஒரு முழுப் பகல் ஆகும். விடியற்காலையிலேயே கிளம்பிவிடுங்கள். வழியில் தேவப்பிரயாகையில் அலக்நந்தாவும் பாகீரதியும் கலந்து கங்கையாவதைப் பார்க்கலாம். ஜோஷிமத்திலிருந்து அவுலிக்குச் சாலை வழியாகச் சுமார் 15 கிலோமீட்டர்.

தெர்மல் உடை, நீர் புகாத கையுறை, கூலிங்கிளாஸ், சன்ஸ்கிரீன் அவசியம். பனியில் பட்டுத் திரும்பும் வெயில் முகத்தைக் கருக்கிவிடும். பணத்தையும் மாத்திரைகளையும் ஜோஷிமத்திலேயே தயார் செய்துகொள்ளுங்கள். வயதானவர்கள் அங்கே ஓர் இரவு தங்கி, உடம்பு உயரத்துக்குப் பழகிய பிறகு மேலே போவது நல்லது.

அந்த ஓர் இரவில் நரசிம்மரையும் பார்த்துவிடலாம். கோயில் வாசலில் ஒரு டீ வாங்கிக் குடித்தபடி ஊர்க்காரர் யாரிடமாவது பேச்சுக் கொடுங்கள். இந்த வருஷப் பனியைப் பற்றி அவர்களைவிட நன்றாக யாரும் சொல்ல முடியாது.