பல்பே இல்லாத அறையும் நான் வாங்கிய பல்பும்!

சிவில் மூன்றாம் வருஷம். 'பெரிய கட்டடங்களுக்குள் பகல் வெளிச்சத்தைக் கொண்டுவருவது எப்படி?' என்று ஒரு செமினார் எடுத்தேன். ஒளி ஊடுருவும் ஃபைபர் ஷீட், பாலிகார்பனேட் கூரை, கரன்ட் பில் மிச்சம் என்று கலர் கலரா ஸ்லைடு. கைதட்டல் பலமாகவே இருந்தது. அந்தக் கெத்தோடு லீவுக்கு வெம்பக்கோட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். அன்றைக்கு ராத்திரி அம்மாவிடம் வாங்கினேன் பாருங்க ஒரு பல்பு... அதுவும் பல்பே இல்லாத ஓர் இடத்தைப் பற்றிப் பேசி!

அம்மாவுக்கு ஃபயர் ஆபீஸில் வேலை. வெளியூர் ஃப்ரெண்ட்ஸுக்கு ஒரு விளக்கம்: எங்க பக்கம் பட்டாசுத் தொழிற்சாலைக்கு அதுதான் பேர். அங்கே மருந்து செலுத்தும் அறைகள் தனித்தனியாக, இடைவெளி விட்டு நிற்கும். ஓர் அறைக்கு நாலு பேருக்கு மேல் உட்காரக் கூடாது. கதவுகள் வெளிப்பக்கமாகத் திறக்கும். உள்ளே ஒயர் இல்லை, சுவிட்ச் இல்லை, பல்பு இல்லை. ஒரு சின்னப் பொறி போதும், எல்லாம் முடிந்தது. அதனால் அம்மாவுக்கு டியூப் லைட்டே சூரியன்தான்.

விஷயம் தெரிந்த இன்ஜினீயர் மாதிரி ஆரம்பித்தேன். "ஏம்மா, கூரையில பாதியை எடுத்துட்டு வெளிச்சம் வர்ற ஷீட் போட்டா ஜம்முனு இருக்கும்ல?"

அம்மா தட்டில் சோறு போட்டுக்கொண்டே கேட்டார்: "ஏய்யா, சித்திரை வெயிலு நேரா மருந்து மேல விழுந்தா என்ன ஆகும்? அது உன் புஸ்தகத்துல இருக்கா?"

கப்சிப். சூடு ஏறக் கூடாது என்பதற்காகத்தானே மருந்துக் கலவை வேலையையே விடியற்காலையில் முடிக்கப் பார்க்கிறார்கள்!

விடுவேனா? பிரேசில் நாட்டு மெக்கானிக் ஆல்ஃப்ரெடோ மோசர் கதையை எடுத்து விட்டேன். 2002-ல் அவர் கண்டுபிடித்தது இது. இரண்டு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீரும் கொஞ்சம் பிளீச்சிங்கும் ஊற்றி, கூரை ஓட்டையில் சொருகினால் போதும். பகலில் 40 முதல் 60 வாட்ஸ் பல்பு அளவுக்கு வெளிச்சம் வரும். 2011-ல் பிலிப்பைன்ஸில் அது ஓர் இயக்கமாகவே பரவியது.

அம்மா சிரித்தார். "தண்ணி பாட்டிலை வெயில்ல வெச்சா தரையில சுள்ளுனு ஒரு பொட்டு விழுமே, பார்த்ததில்லையா?"

அடுத்த பல்பு. தண்ணீர் நிரம்பிய உருண்டை பாட்டில் லென்ஸ் மாதிரி வெயிலைக் குவிக்கவும் செய்யும். குடிசைக்கு வரமாக இருப்பது மருந்து அறைக்கு ஆகவே ஆகாது.

வாசல் வழியே வரும் வெளிச்சம்

அப்புறம் அம்மா சொன்னதுதான் என்னைத் தூங்க விடவில்லை. தீபாவளிக்கு முந்தின மாசங்களில் வேலை உச்சத்தில் இருக்கும். அதே சமயம் வானமும் மூட்டம் போடும். அறைக்குள் மசமசவென்று ஆகிவிடும். கண்ணு தெரியலை என்று சிலர் சாமானைத் தூக்கிக்கொண்டு கதவுக்குப் பக்கத்தில் வந்து உட்காருவார்கள். சிலர் மரத்தடிக்கே போய்விடுவார்கள். மரத்தடியில் பட்டாசு செய்வது விதிமீறல். கதவை அடைத்து உட்காருவது அதைவிட ஆபத்து. ஏன்னா, வெளிச்சம் உள்ளே வரும் வழியும், ஆபத்து என்றால் ஆள் வெளியே ஓடும் வழியும் ஒரே வாசல்தான்.

2012 செப்டம்பர் 5 முதலிப்பட்டி விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 2021 பிப்ரவரி 12 அச்சங்குளம் விபத்தில் இருபதுக்கும் மேல். விபத்துகளுக்குக் காரணங்கள் வேறு வேறாக இருக்கலாம். ஆனால் ஓட வேண்டிய அந்த சில நொடிகளில் வாசல் காலியாக இருக்க வேண்டும் என்பதில் எந்த மாற்றமும் இல்லை.

அப்போ என்னதான் செய்யலாம்? மருந்து அறைக்குத் தேவை, நேரடி வெயில் படாமல் பக்கவாட்டில் இருந்து வரும் மென்மையான வெளிச்சம். வெயிலை மறைக்க நீளமான தாழ்வாரம் வேண்டும். உள்சுவருக்கு வெள்ளை அடிக்க வேண்டும். அலுமினியப் பொடி படிந்து சாம்பல் பூத்த சுவர் வெளிச்சத்தை விழுங்கும்; வெள்ளைச் சுவர் அதைத் திருப்பி அனுப்பும். செலவு சுண்ணாம்புக் காசுதான். இருட்டினால் வேலையை நிறுத்து. அவ்வளவுதான்.

காப்பி அடித்தால் அரியர்தான்!

என் பாலிகார்பனேட் ஷீட் வேஸ்ட்டா? இல்லை பாஸ்! சிவகாசியின் பிரின்டிங் பிரஸ், அட்டைப்பெட்டி செய்யும் கூடம் மாதிரி மருந்து நுழையாத பெரிய கட்டடங்கள்தான் அதற்குச் சரியான இடம். உச்சி வெயிலில் வெளியே ஒரு லட்சம் லக்ஸ் வெளிச்சம் இருக்கும். உள்ளே சாதாரண வேலைக்குச் சில நூறு லக்ஸ் போதும். அதனால் கூரையில் சின்னப் பங்கு ஷீட் போட்டாலே தாராளம். அதிகமாகப் போட்டால் உள்ளே அடுப்பு! பால் நிற ஷீட் என்றால் வெளிச்சம் கண்ணைக் கூசாமல் பரவும். பகலில் லைட்டை அணைக்க மறந்தால் மட்டும் ஒரு பைசா மிச்சமாகாது.

பழைய மில்களில் ரம்பப் பல் மாதிரி கூரை பார்த்திருப்பீர்கள். கண்ணாடி வடக்கே பார்த்திருக்கும், வெயில் நேராக வராது என்று. இங்கிலாந்துக்கு அது சரி. நம்ம ஊர் நிலநடுக்கோட்டுக்குப் பக்கம். வெம்பக்கோட்டையில் சித்திரை பிறந்ததில் இருந்து ஆவணி பாதி வரை மத்தியானச் சூரியன் வடக்கே சாய்ந்துதான் நிற்கிறது. மறைப்பு வைக்காமல் அப்படியே காப்பி அடித்தால் வெயில் நேரே உள்ளே வரும்!

லீவு முடிந்து போனதும் செமினாரைத் திரும்ப எடுத்தேன். இந்த முறை முதல் ஸ்லைடு, கதவெல்லாம் திறந்து கிடக்கும் ஒரு சின்ன வெள்ளை அறை. படம் வரைந்து கொடுத்தது அம்மா. கிளம்பும்போது அவர் சொல்லி அனுப்பியதையே கடைசி ஸ்லைடில் போட்டேன்:

"வெளிச்சம் எங்கிட்டு வேணா வரட்டும்யா. கதவை மட்டும் மறைச்சிறாதீங்க."