கழுத்தில் தொங்கும் அட்டை

ஜூன் மாதம் பள்ளி திறந்த வாரத்தில் என் பேத்தி ஒரு சுற்றறிக்கையும் ஒரு படிவமும் கொண்டு வந்தாள். எட்டாம் வகுப்பு. பள்ளி திருச்சி டவுனில். பெயர் வேண்டாம், பல பள்ளிகளிலும் இப்போது இதே கதைதான். பிள்ளைகள் எல்லோருக்கும் புது அடையாள அட்டை தருகிறார்களாம். உள்ளே ஒரு சில்லு இருக்கும். வாசலில் நுழையும்போதும் வெளியே போகும்போதும் அங்கே வைத்திருக்கும் கருவி அதைப் படித்து, பெற்றோர் செல்போனுக்கு நேரத்துடன் செய்தி அனுப்பிவிடும். படிவத்தில் பிள்ளையின் பெயர், போட்டோ, ரத்த வகை, அப்பா அம்மா இருவரின் செல் நம்பர், ஆதார் எண், எந்த பஸ்ஸில் வருகிறாள் என்பது வரை கேட்டிருந்தார்கள். கடைசியில் "சம்மதிக்கிறேன்", கையெழுத்து. சம்மதமில்லை என்று சொல்ல இடமே இல்லை. காலை அவசரத்தில் என் மருமகள் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டாள்.

கழுத்தில் நம்பரோடு திரிவது எனக்குப் புதிதல்ல. பொன்மலை ரயில்வே ஒர்க் ஷாப்பில் முப்பத்துநான்கு வருடம் வேலை பார்த்தவன் நான். எங்களுக்கு டோக்கன். வட்டமான சின்ன உலோக வில்லை, அதில் நம்பர். சங்கு ஊதுவதற்குள் டைம் ஆபீஸில் போட்டுவிட வேண்டும். போடாவிட்டால் அரை நாள் சம்பளம் போச்சு. ஒருவன் டோக்கனை இன்னொருவன் போட்டு மாட்டிக்கொண்ட கதைகள் எங்களிடம் ஏராளம். ஆனால் அந்த வில்லைக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று, இன்று இவன் வந்தான் என்பது. சாயங்காலம் கேட்டைத் தாண்டியபின் நான் பாலக்கரையில் டீ குடித்தேனா, மெயின்கார்டு கேட்டில் பழைய புத்தகம் புரட்டினேனா என்று அதற்கும் தெரியாது, டைம் ஆபீஸுக்கும் தெரியாது. பெரிய பேரேட்டில் ஏறிய வருகை அங்கேயே தூசி படிந்து கிடக்கும்.

இந்த அட்டை அப்படியில்லை. அதில் பேட்டரி கிடையாது. வாசலில் உள்ள கருவி வீசும் ரேடியோ அலையிலிருந்தே சக்தி எடுத்துக்கொண்டு தன் எண்ணைச் சொல்கிறது. சொன்ன எண் பள்ளியோடு நிற்பதில்லை. பள்ளி ஒப்பந்தம் போட்ட கம்பெனியின் கம்ப்யூட்டருக்குப் போய், அங்கே பெயரோடும் போட்டோவோடும் சேர்ந்து, பிறகுதான் செய்தியாக வீட்டுக்கு வருகிறது. ஒரு வருடத்தில் இருநூறு நாளுக்கு மேல் ஒரு பெண் குழந்தை எத்தனை மணிக்கு எங்கே இருந்தாள் என்ற கணக்கு, நாம் முகம் பார்த்திராத யாரிடமோ சேர்கிறது. அவள் பள்ளியை விட்டுப் போனபின் அதை அழிப்பார்களா, யாருக்காவது கொடுப்பார்களா என்று படிவத்தில் ஒரு வரி இல்லை.

வேடிக்கை என்னவென்றால், அட்டை வந்ததா என்றுதான் அந்தக் கருவிக்குத் தெரியும், பிள்ளை வந்ததா என்று தெரியாது. "எங்க கிளாஸ்ல ஒரு பையன் ஃப்ரெண்டோட கார்டையும் சேர்த்து எடுத்துட்டு வர்றான் தாத்தா" என்று பேத்தி சொன்னபோது எனக்குப் பொன்மலை ஞாபகம் வந்து சிரிப்பு தாங்கவில்லை.

இந்த ஓட்டையை அடைக்கத்தான் முகத்தையே படிக்கும் கருவி வந்தது. சென்னை அசோக் நகர் அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளியில் 2018 டிசம்பரில் முகப் பதிவு வருகை முறையை அப்போதைய கல்வி அமைச்சர் செங்கோட்டையன் தொடங்கி வைத்தார். முகத்தைக் கடன் கொடுக்க முடியாது, உண்மைதான். ஆனால் அட்டை தொலைந்தால் வேறு அட்டை வாங்கலாம். முகத்தின் கணக்கு வெளியே கசிந்தால் வேறு முகத்துக்கு எங்கே போவது?

சுவீடனில் ஷெலெஃப்தியோ என்ற ஊரில் ஒரு பள்ளி இதையே 22 மாணவர்களிடம் மட்டும் சோதித்துப் பார்த்தது. 2019 ஆகஸ்டில் அந்நாட்டுத் தகவல் பாதுகாப்பு ஆணையம் 2 லட்சம் குரோனர் அபராதம் போட்டது. பெற்றோரிடம் சம்மதம் வாங்கித்தான் செய்தோம் என்றது பள்ளி நிர்வாகம். பள்ளியை நம்பியிருக்கும் பிள்ளை சுதந்திரமாகச் சம்மதம் தர முடியாது, அது செல்லாது என்றது ஆணையம். எங்கள் வீட்டுக் காலை அவசரக் கையெழுத்தை இவர்கள் பார்த்திருக்க வேண்டும்!

அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்து சான் அன்டோனியோவில் 2012-ல் இரண்டு பள்ளிகளில் சுமார் 4,200 பிள்ளைகளுக்குச் சில்லு அட்டை மாட்டினார்கள். பாதுகாப்பு என்பதோடு, வருகைக் கணக்கைப் பொறுத்து அரசு மானியம் கூடும் என்ற எண்ணமும் இருந்தது. ஒரு மாணவி மாட்ட மறுத்துக் கோர்ட்டுக்குப் போனாள். வழக்கில் அவளுக்குத் தோல்விதான். ஆனால் 2013-லேயே நிர்வாகம் திட்டத்தைக் கைவிட்டது. எதிர்பார்த்த அளவு வருகை கூடவில்லையாம்.

"மாமா, நீங்க சட்டம் பேசுறீங்க, எனக்கு அவ வீடு வந்து சேர்ற வரைக்கும் வயித்துல புளியைக் கரைக்குது" என்கிறாள் மருமகள். அவள் பயம் பொய்யில்லை. 2004 ஜூலை 16-ல் கும்பகோணத்தில் 94 குழந்தைகள் பள்ளித் தீயில் போனதை இந்தப் பக்கத்துக்காரர்கள் மறக்க மாட்டோம். 2012-ல் சென்னை சேலையூர் அருகே பள்ளி பஸ்ஸின் தரை ஓட்டையில் விழுந்து ஒரு சிறுமி இறந்தாள். ஆனால் முன்னதற்குக் காரணம் கீற்றுக் கூரை, பின்னதற்குக் காரணம் ஓட்டைத் தரை. எந்தக் கழுத்து அட்டையும் அந்தக் குழந்தைகளைக் காப்பாற்றியிருக்காது. சேலையூருக்குப் பிறகு அரசு பள்ளி வாகனங்களுக்கென்று தனி விதிகள் போட்டதே, அது வேலை.

ஜூன் கடைசியில் ஒரு வியாழக்கிழமை. 4.12-க்கு வெளியே வந்துவிட்டாள் என்று செய்தி. ஒன்றாம் நம்பர் பஸ் பிடித்து ஐந்துக்குள் வந்துவிடுபவள், 5.40 ஆகியும் வரவில்லை. சென்னையில் ஆபீஸில் இருக்கும் என் மகனுக்கும் அதே செய்தி போயிருந்ததால் இரண்டு முறை போன் செய்துவிட்டான். ஆறு மணிக்குப் பாவாடை நனைய வந்து நின்றாள். மேட்டூரில் திறந்த தண்ணீர் வந்துவிட்டதென்று அம்மா மண்டபத்தில் தோழியோடு இறங்கிப் படித்துறையில் நின்றிருக்கிறாள். ஸ்ரீரங்கத்தில் பிறந்த யார்தான் நிற்காமல் வந்தோம்? அம்மா செல்போனைக் காட்டி நிமிடக் கணக்குக் கேட்டாள். பேத்தி என் பக்கம் திரும்பி, "தாத்தா, நீங்க தண்ணி பார்க்கப் போனா உங்க அம்மாவுக்கு எப்படித் தெரியும்?" என்றாள்.

"தெரியாது. நானே வந்து சொல்வேன்."

அன்று அவள் எதுவும் சொல்லவில்லை. அடுத்த வாரமும் தண்ணீர் பார்க்கப் போனாளா என்று எனக்குத் தெரியாது. முன்பெல்லாம் பள்ளியில் நடந்ததை வாசல்படியிலேயே கொட்டுவாள். இப்போது "அதான் மெசேஜ் வந்திருக்குமே" என்று உள்ளே போய்விடுகிறாள்.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24-ல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள். வழக்குப் போட்டவர் நம்மைப் போல ஓய்வு பெற்றவர், முன்னாள் நீதிபதி புட்டசாமி. பள்ளியில் சேர ஆதாரைக் கட்டாயமாக்கக் கூடாது என்றது 2018 செப்டம்பர் 26-ல் வந்த தீர்ப்பு. 2023-ல் வந்த தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குட்பட்டவர்களைப் பின்தொடர்ந்து கண்காணிக்கக் கூடாது என்கிறது. ஆனால் நவம்பர் 2025-ல் வெளியான விதிகள், கல்விப் பணிக்கும் பிள்ளைகளின் பாதுகாப்புக்கும் என்றால் பள்ளிகளுக்கு விலக்கு தருகின்றன. முன் வாசலைப் பூட்டிக் கொல்லையைத் திறந்த மாதிரி. ஆனாலும் அந்தக் காரணங்களைத் தாண்டி அந்தக் கணக்கை வேறு எதற்கும் பயன்படுத்த விலக்கு இல்லை.

அந்தப் பிடியை வைத்துப் பள்ளிக்கு ஒரு கடிதம் எழுதினேன். கணக்கை வைத்திருக்கும் கம்பெனி எது? எத்தனை நாள் வைத்திருப்பார்கள்? பள்ளியில் யார் யார் பார்க்கலாம்? பிள்ளை பள்ளியை விட்டால் அழித்துவிட்டோம் என்று எழுதித் தருவார்களா? ஆதார் எண் எதற்கு? இவ்வளவுதான். வேண்டுமானால் நீங்களும் அப்படியே எழுதிக் கேளுங்கள்.

தலைமையாசிரியை அம்மா போனில் கூப்பிட்டார், மரியாதையாகவே பேசினார். "இதையெல்லாம் இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லை சார். ஆதார் நம்பரை வேணும்னா அடிச்சுடறோம். மத்ததுக்கு எனக்கே பதில் தெரியாது, பெங்களூர் கம்பெனிக்கு மெயில் போட்டிருக்கேன்" என்றார்.

மூன்று வாரம் ஆகிறது. பெங்களூரிலிருந்து பதில் வந்ததும் எழுதுகிறேன்.