கடை நம்முடையது, காற்று யாருடையது?

"வாடகை கட்டுவது நான். சம்பளம் கொடுப்பது நான். உரிமம் என் பெயரில் இருக்கிறது. என் கடையில் யார் சிகரெட் பிடிக்கலாம், யார் பிடிக்கக்கூடாது என்று சொல்ல அரசாங்கத்திற்கு என்ன உரிமை இருக்கிறது?"

2019 ஜனவரி 1-ஆம் தேதி நாட்டிலுள்ள எல்லா உணவகங்களிலும் புகைபிடிக்கத் தடை வந்தபோது இந்தக் கேள்வியைப் பலர் வாயிலாகக் கேட்டேன். கிள்ளானில் என் தாய்மாமா ஓர் உணவகம் நடத்துகிறார். கடைவீட்டு வரிசையில் கோடிக் கடை. காலையில் ரொட்டி சானாய், மதியம் வாழையிலைச் சாப்பாடு, இரவானால் தே தாரேக்கும் தொலைக்காட்சியில் பந்தும். வாரக் கடைசியில் கணக்கு எழுத நான் அங்கே போவது வழக்கம். கல்லாவுக்குப் பக்கத்தில் அமர்ந்து உணவகக்காரர்கள் பேசிக்கொள்வதைக் கேட்டால், அந்தக் கேள்வியில் கோபத்தை விடக் களைப்புதான் அதிகம் தெரியும்.

அந்தக் களைப்புக்குக் காரணம் இருக்கிறது. சிறிய உணவகம் வைத்திருப்பவருக்கு விதிகளுக்குப் பஞ்சமில்லை. நகராண்மைக் கழக உரிமம், விளம்பரப் பலகைக்குத் தனி உரிமம், பணியாளர்களுக்கு டைபாய்டு ஊசி, உணவைக் கையாளும் பயிற்சி, வேலை பெர்மிட், அடுப்படிச் சோதனை என்று பட்டியல் நீளும். இத்தனைக்கும் மேல் ஒன்று வந்தால் "இன்னும் ஒன்றா?" என்று கேட்பது மனித இயல்பு. அதனால் 'உரிமையாளரின் உரிமை' என்ற பேச்சை முதலாளிகளின் புலம்பல் என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. அதை எடுத்துப் பார்ப்போம்.

முதலில் சட்டம். 2004-ஆம் ஆண்டின் புகையிலைப் பொருள் கட்டுப்பாட்டு விதிமுறைகளின்படி, குளிர்சாதன வசதியுள்ள உணவகங்களில் முன்பே தடை இருந்தது. திறந்தவெளிக் கடைகள், மாமாக் உணவகங்கள், கோப்பிக் கடைகள், அங்காடிகள் ஆகியவை அதற்கு வெளியே இருந்தன. 2019-இல் அவையும் சேர்ந்தன. புகைப்பவர் உணவகத்திலிருந்து குறைந்தது 3 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். முதல் ஆண்டு முழுவதும் அபராதம் இல்லாமல் எச்சரிக்கையும் விளக்கமும் மட்டும். 2020 ஜனவரி 1 முதல் முழு அமலாக்கம். புகைப்பவர்கள் சிலர் இந்தத் தடையை எதிர்த்துக் கோலாலம்பூர் உயர்நீதிமன்றம் வரை போனார்கள். 2019-லேயே அந்த மனு தள்ளுபடியானது. இப்போது தனிச் சட்டமே வந்துவிட்டது. 2024 அக்டோபர் 1 முதல் அமலில் இருக்கும் அந்தச் சட்டம் வேப்பையும் விட்டுவைக்கவில்லை.

சட்டம் வந்துவிட்டது என்பதற்காகக் கேள்வி தீர்ந்துவிடுமா? தடையை எதிர்த்தவர்கள் சொன்ன முதல் வாதம் இது: "புகை பிடிக்காதவர் வேறு கடைக்குப் போகட்டும். யாரும் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை."

வாடிக்கையாளரைப் பொறுத்தவரை இதில் ஓரளவு உண்மை இருக்கிறது. பத்து நிமிடம் தேநீர் குடிக்க வந்தவர் எழுந்து போய்விடலாம். ஆனால் அந்தத் தேநீரைக் கலக்குபவர் எங்கே போவார்? மாமா கடையின் முகப்பில், ஐந்தடிக்கு ஒட்டினாற்போல், தேநீர்ப் பட்டறையில் நிற்பவர் இராமநாதபுரத்துக்காரர். நாளுக்குப் பத்து, பன்னிரண்டு மணி நேரம் அங்கேதான். தடைக்கு முன்பு, வாடிக்கையாளர்கள் ஊதிய புகையெல்லாம் மின்விசிறிக் காற்றில் அவர் பக்கம்தான் வரும். தன் வாழ்நாளில் ஒரு சிகரெட்டைக்கூடத் தொடாதவர் அவர். இரவு கடை கழுவும்போது இருமிக்கொண்டே கழுவுவார்.

அவரிடம் போய், "பிடிக்கவில்லையென்றால் வேறு கடைக்குப் போங்கள்" என்று சொல்ல முடியாது. வெளிநாட்டுத் தொழிலாளியின் பெர்மிட் ஒரு முதலாளியோடு கட்டப்பட்டது. நினைத்த நேரத்தில் அடுத்த கடைக்கு மாற அவருக்கு வழியில்லை. முதலாளிக்கு உரிமை, வாடிக்கையாளருக்கு உரிமை என்று நாம் வாதாடிய நேரத்தில், இருவரையும் விட அதிக நேரம் அந்தக் காற்றைச் சுவாசித்தவர் பேச்சிலேயே இல்லை. அயர்லாந்து 2004 மார்ச் மாதத்தில் மதுக்கூடங்கள் உட்பட எல்லா வேலையிடங்களிலும் புகையைத் தடை செய்தபோது முன்வைத்த காரணமும் இதுதான்: அது ஒருவர் வேலை செய்யும் இடம்.

"எங்கள் கடை திறந்த கடைதானே, காற்று அடித்துக்கொண்டு போய்விடும்" என்பார்கள். "தனி மூலை ஒதுக்கி, காற்றுப்போக்கி வைத்தால் போதாதா?" என்பார்கள். சிகரெட் புகையில் 7,000-க்கும் மேற்பட்ட இரசாயனங்கள் இருக்கின்றன; அவற்றில் ஏறக்குறைய 70 புற்றுநோயை உண்டாக்கக்கூடியவை. அமெரிக்கத் தலைமை மருத்துவ அதிகாரியின் 2006-ஆம் ஆண்டு அறிக்கை இரண்டு விஷயங்களைத் தெளிவாகச் சொன்னது. பிறர் விடும் புகையில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை. கட்டடத்துக்குள் தனி மூலை ஒதுக்குவதும் காற்றை வடிகட்டுவதும் புகை பிடிக்காதவரை முழுமையாகக் காப்பாற்றாது. மூன்று பக்கம் சுவரும் மேலே கூரையும் உள்ள நம் கடைவீடுகளைப் பெயருக்குத்தான் திறந்தவெளி என்கிறோம். தனி மூலை என்றாலும், அந்த மூலை மேசைக்கும் யாரோ ஒருவர் தட்டை ஏந்திக்கொண்டு போகத்தானே வேண்டும்?

சிங்கப்பூர் அந்த நடுவழியைச் சோதித்துப் பார்த்த நாடு. 2006 ஜூலையில் அங்கே காப்பிக்கடைகளிலும் உணவங்காடி நிலையங்களிலும் தடை வந்தபோது, வெளிப்புற இருக்கைகளில் ஒரு பகுதியைப் புகைக்கும் மூலையாக ஒதுக்க அனுமதி தந்தார்கள். மஞ்சள் கோடு போட்ட மேசைகள் பலருக்கு நினைவிருக்கும். 2017 ஜூன் இறுதியிலிருந்து உணவுக் கடைகளில் புதிய மூலைகளுக்கு அனுமதி கிடையாது.

அடுத்த வாதம் வியாபாரம். "புகைக்கிறவன் வரமாட்டான், கல்லா காலியாகிவிடும்" என்ற பயம். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு பல நாடுகளின் கணக்குகளை எடுத்து ஆராய்ந்து, இத்தகைய தடைகளால் உணவகத் தொழில் ஒட்டுமொத்தமாக வீழவில்லை என்று 2009-இல் முடிவுக்கு வந்தது. ஆனால் 'ஒட்டுமொத்தமாக' என்ற சொல் ஒரு தனிக் கடைக்காரரின் தூக்கமின்மையைப் போக்காது. மாமாவின் பயம் கற்பனை அல்ல. அதை அவர் ஒருமுறை காசு கொடுத்தே தெரிந்துகொண்டார்.

2014 தொடக்கத்தில், எந்தச் சட்டமும் சொல்லாமலேயே, அவர் சாம்பல் கிண்ணங்களை எல்லாம் எடுத்து உள்ளே வைத்துவிட்டார். குழந்தைகளோடு வரும் குடும்பங்கள் வாசலில் நின்று புகையைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போவதை அவர் கவனித்திருந்தார். தேநீர் கலக்குபவரின் இருமலும் அவரை உறுத்தியது. "அண்ணே, தயவு பண்ணி வெளியே போய் பிடிங்க" என்று அவரே ஒவ்வொரு மேசையாகப் போய்ச் சொன்னார். பாதிப் பேர் ஒத்துக்கொண்டார்கள். மீதிப் பேர் சாலையைக் கடந்து எதிர்க்கடைக்குப் போனார்கள். ஜூன் மாதம் உலகக் கிண்ணக் கால்பந்து வந்தது. பிரேசிலில் நடந்த ஆட்டங்கள் இங்கே நள்ளிரவிலும் விடியற்காலையிலும். எதிர்க்கடையில் நாற்காலி போதாமல் நின்றுகொண்டு பார்த்தார்கள். மாமா கடையில் மேசைகள் காலி. முதல் வாரத்திலேயே சாம்பல் கிண்ணங்கள் மறுபடி மேசைக்கு வந்தன.

'உரிமை' என்ற சொல்லை நான் வேறு விதமாகப் பார்க்க ஆரம்பித்தது இதை வைத்துத்தான். 2014-இல் மாமாவுக்கு முழு உரிமை இருந்தது. புகையை அனுமதிக்கலாம், மறுக்கலாம். யாரும் கேட்கப்போவதில்லை. ஆனாலும் மறுக்கும் உரிமையை அவரால் பயன்படுத்த முடியவில்லை. எதிரே ஒரு கடை அனுமதிக்கும் வரை, அவருடைய முடிவு எதிர்க்கடைக்காரர் கையில்தான் இருந்தது. அந்த எதிர்க்கடைக்காரருக்கும் இதே நிலைதான். அவரும் சாம்பல் கிண்ணத்தை விரும்பி வைத்திருந்தார் என்று சொல்லமாட்டேன்.

2019-இல் சட்டம் இரண்டு கடைகளுக்கும் ஒரே நாளில் வந்தது. போவதற்கு எதிர்க்கடை இல்லை. "நான் என்ன பண்றதுண்ணே, சட்டம்" என்று மாமா இரண்டு கைகளையும் விரித்துக் காட்ட முடிந்தது. வாடிக்கையாளர் முகம் சுளித்தாலும் கோபம் கடைமீது விழவில்லை. முதல் சில வாரங்கள் இரவு வியாபாரம் கொஞ்சம் மந்தம். பிறகு அதே முகங்கள், அதே மேசைகள். எழுந்து போய் ஊதிவிட்டுத் திரும்பி வருகிறார்கள், அவ்வளவுதான். தனியாக நின்றபோது அவரால் செய்ய முடியாமல் போனதை எல்லாருக்கும் பொதுவான சட்டம் செய்யவைத்தது. சிறிய கடைக்காரரின் உரிமையைப் பறித்தது என்று சொல்லப்படும் அந்தச் சட்டம், என் கண்ணெதிரே ஒரு சிறிய கடைக்காரருக்கு 'முடியாது' என்று சொல்லும் தைரியத்தைக் கொடுத்தது.

இதனால் உணவகக்காரர்களின் குறைகள் எல்லாம் வீண் என்று ஆகிவிடாது. இரண்டு குறைகள் இன்றும் நியாயமானவை.

ஒன்று, அந்த 3 மீட்டர். தனித்து நிற்கும் கடைக்கு அது எளிது. கடைவீட்டு வரிசையில் உங்கள் மேசையிலிருந்து 3 மீட்டர் தள்ளினால் பக்கத்துக் கடை வாசல், அல்லது கார் ஓடும் சாலை. புகைப்பவரை எங்கே நிற்கச் சொல்வது? வரிசைக் கடைகளுக்கு என்று பின்சந்திலோ வாகன நிறுத்துமிடத்தின் ஓரத்திலோ பொதுவாக ஓரிடத்தைக் குறித்துக் கொடுத்தால் கடைக்காரர்களுக்கிடையே சண்டை குறையும். அதைக் கடைக்காரர் தனியாகச் செய்ய முடியாது. உள்ளூராட்சிதான் முன்வர வேண்டும்.

மற்றொன்று, காவல்காரர் வேலை. அறிவிப்பை ஒட்டுவதும் சாம்பல் கிண்ணத்தை வைக்காமல் இருப்பதும் உரிமையாளரின் கடமை, அதில் மறுபேச்சில்லை. ஆனால் இரவு இரண்டு மணிக்கு ஆறு பேர் கொண்ட ஒரு கூட்டம் பற்றவைத்தால் போய்ச் சொல்வது யார்? மாமா வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பார். மேசை துடைக்கும் பையன்தான் போக வேண்டும். "நீ யாருடா எனக்குச் சொல்ல? போஸைக் கூப்பிடு" என்று அவனிடம் ஒருவர் சீறியதை நான் பார்த்திருக்கிறேன். அவன் ஊருக்கு மாதாமாதம் பணம் அனுப்புகிறவன். சண்டை வந்தால் அடி வாங்கப்போவதும் அவன்தான், வேலை போகப்போவதும் அவனுக்குத்தான். எடுத்துச் சொன்ன கடையையும், சாம்பல் கிண்ணத்துக்குப் பதிலாகக் காலி டின்னை வைத்துக் கண்டும் காணாமல் இருக்கும் கடையையும் அதிகாரிகள் ஒரே தட்டில் வைத்துப் பார்க்கக்கூடாது. சோதனை, பகலில் மட்டும் வராமல் பந்து நடக்கும் இரவுகளிலும் வர வேண்டும்.

நம் பங்கும் ஒன்று இருக்கிறது. 2019-ஆம் ஆண்டுச் சுகாதார ஆய்வின்படி நாட்டில் பெரியவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 21 பேர் புகைப்பவர்கள். அப்படியானால் ஒரு மேசையில் ஐந்து பேர் அமர்ந்தால் ஒருவர் பிடிப்பவராக இருப்பார், நான்கு பேர் பிடிக்காதவர்கள். அந்த நான்கு பேரும் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருக்க, ஒருவர் தீப்பெட்டியை எடுக்கும்போதுதான் அந்தப் பையன் தயங்கித் தயங்கி வந்து நிற்கிறான். அவர் உங்கள் அண்ணனாக இருக்கலாம், மாமனாக இருக்கலாம், அலுவலக நண்பராக இருக்கலாம். பையன் வரும்வரை காத்திராமல் நீங்களே சொல்லுங்கள்: "அண்ணே, எழுந்து போய்ப் பிடிச்சிட்டு வாங்க. தே தாரேக் சூடாத்தான் இருக்கும்."