வாசலிலிருந்து படித்துறை வரை

கார் நுழையாத குடியிருப்பு ஒன்றை வடிவமைக்கச் சொன்னால், கட்டடக்கலை மாணவர்கள் முதலில் மரம் நடுவார்கள். சாலை இருந்த இடமெல்லாம் பச்சை மை. நடுவே இரண்டு சைக்கிள், கைகோத்து நடக்கும் ஒரு தம்பதி. பார்க்க அழகாகத்தான் இருக்கும். அந்தத் தெருவுக்கு காஸ் சிலிண்டர் எப்படி வரும் என்று கேட்டால், ஸ்டுடியோ அமைதியாகிவிடும்.

இந்தப் பயிற்சிக்கு நான் கொடுக்கும் இடம் ஸ்ரீரங்கத்தில், காவிரியின் வடகரையில், அம்மா மண்டபத்தை ஒட்டிய பகுதி. வேண்டுமென்றே எடுத்ததுதான். கோடையில் அங்கே ஆறு வெறும் மணல். ஆடிப்பெருக்கன்று படித்துறை கொள்ளாத கூட்டம். அமாவாசைகளில் தர்ப்பணம் செய்ய வெளியூர்ப் பெரியவர்கள் வந்திறங்குவார்கள். கார் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். முட்டி வலிக்கிற பாட்டியைக் கடைசி இருநூறு மீட்டர் யார் கூட்டிப்போவது?

குழு வேலை என்றதும் பிள்ளைகள் பங்கு பிரித்துக்கொள்வார்கள். ஒருவருக்கு வீடு, ஒருவருக்கு ஆற்றங்கரை, ஒருவருக்குப் போக்குவரத்து. ரிவ்யூவுக்கு முந்தின இரவு எல்லாவற்றையும் ஒட்டுவார்கள். ஒட்டின இடத்தில் வீட்டு வாசல் ஒரு மட்டத்திலும் தெரு வேறொரு மட்டத்திலும் நிற்கும்.

அதனால் நான் பிரிக்க விடுவதில்லை. மேசை நீளத்துக்கு ஒரு பட்டர் ஷீட், அதில் நிலத்தைக் குறுக்கே வெட்டிக் காட்டும் ஒரே செக்‌ஷன்: திண்ணை, தெரு, கரை, படித்துறை, ஆற்று மணல். குழுவில் எல்லோரும் அதே தாளில்தான் வரைய வேண்டும். மேலிருந்து பார்க்கும் பிளானில் எதையும் பூசி மெழுகிவிடலாம், செக்‌ஷனில் முடியாது. கரை ஒன்றரை மீட்டர் உயர்ந்தால், 12-க்கு 1 என்ற சாய்வில் சக்கர நாற்காலிக்கு 18 மீட்டர் வேண்டும்; இடையில் நின்று இளைப்பாறும் தளம் தனி. அந்த நீளத்தை வீட்டு முற்றத்திலிருந்து எடுப்பதா, தெருவிலிருந்து எடுப்பதா? வீடு வரைகிறவளும் தெரு வரைகிறவனும் முதல்முறையாகச் சண்டை போடுவார்கள். அதற்காகத்தான் ஒரே தாள்.

சண்டை முற்றினதும் ஜெர்மனியின் ஃப்ரைபர்க் நகரத்து வோபான் பகுதியைக் காட்டுவேன். 1992-ல் பிரெஞ்சுப் படை காலிசெய்துபோன பாசறை நிலம் அது. அங்கே காரைத் துரத்திவிடவில்லை. பெரும்பாலான உள்தெருக்களில் வாசலில் நிறுத்துவதைத்தான் எடுத்துவிட்டார்கள். சாமான் இறக்க நடைவேகத்தில் உள்ளே போகலாம். நிறுத்த வேண்டுமானால் குடியிருப்பின் ஓரத்து அடுக்கு நிறுத்தகத்தில், காசு கொடுத்து இடம் வாங்கிக்கொள்ள வேண்டும். 2006-ல் டிராமும் வந்து சேர்ந்தது.

அதைப் பார்த்தபின் ஒரு குழு தன் தாளின் அடியில் கடிகாரம் ஒன்றை வரைந்தது. விடியற்காலையிலிருந்து எட்டு மணிவரை பால், சிலிண்டர், குப்பை வண்டி. பிறகு பேட்டரி வண்டி மட்டும். தர்ப்பண நாட்களுக்குத் தனி நேரம். ஆம்புலன்ஸுக்கும் தீயணைப்பு வண்டிக்கும் எந்நேரமும் வழி. ஆகவே அந்த அகலத்தில் மரம் கிடையாது. முதல் வாரம் நட்ட மரங்களில் பாதியை அவர்களே அழித்தார்கள்.

மதிப்பெண்ணில் பாதியை அந்த ஒற்றைத் தாளுக்கே போடுகிறேன். எந்தக் கோடு யாருடையது என்று கேட்பதில்லை. தனித்தனியாகப் போடச் சொல்லி ஒவ்வோர் ஆண்டும் யாராவது வருவார்கள். போடுவதில்லை.