இறுக்கினால் நிற்காத கசிவு

பாடம் நடத்தும்போதே எனக்குக் கண் சொருகும். இரவில் என் குறட்டை நின்று, மூச்சும் நின்று, திணறலோடு திரும்புவதை மனைவி விழித்திருந்து பார்த்திருக்கிறாள். தூக்கத்தில் தொண்டைத் தசை தளர்ந்து மூச்சுப் பாதை அடைபடுகிறது என்றார் டொக்டர். காற்றழுத்தத்தால் அதைத் திறந்து வைக்கும் இயந்திரமும், மூக்கையும் வாயையும் மூடும் முகமூடியும் கிடைத்தன. சிட்னி வைத்தியர் கொலின் சலிவன் 1981இல் உலகுக்குச் சொன்ன முறை அது.

தாடியின் ஊடாகக் காற்று சீறியது. வாரை இறுக்கினேன். மூக்குத் தண்டு புண்ணானது, கசிவோ கூடியது. வெறுத்துப்போய்ப் பெட்டியில் போட்டு மூடினேன்.

"நீங்கள் தூங்குகிறீர்கள், நான்தான் காவல் இருக்கிறேன்" என்றாள் மனைவி.

வெட்கத்தோடு மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். வாய் மூடித் தூங்குபவன் என்பதால், தாடியில் படாத, மூக்கை மட்டும் மூடும் முகமூடியைத் தந்தார் தாதி. உட்கார்ந்து பொருத்தினால் படுத்ததும் பிசகிவிடுமாம். என்னைப் படுக்க வைத்து, காற்றை ஓடவிட்டு, முகமூடியைச் சற்று முன்னே இழுத்து மெல்ல விட்டார். சிலிக்கோன் விளிம்பு உப்பித் தானாகவே முகத்தில் படிந்தது. பிறகு இருபக்க வாரையும் ஒரே அளவாக, கசிவு நிற்கும் மட்டுமே இறுக்கினார்.

சுபஹுக்குப் பின் விளிம்பை மென்மையான சவர்க்காரமிட்டு நானே கழுவுகிறேன். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் அது முகத்தில் சரியாகப் படியாது.

சகோதரிகளே, குறட்டைக்கு நடுவே மூச்சு நின்றால் சிரித்துவிட்டு இருந்துவிடாதீர்கள். வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். எங்கள் வீட்டில் இப்போது அவளும் தூங்குகிறாள், அல்ஹம்துலில்லாஹ்.