அந்த மஞ்சள் நிறம் ஏஜென்டுக்குத் தெரியாது

டிக்கெட் என்றதும் பஸ் டிக்கெட் என்று நினைத்துவிடாதீர்கள். வாடிக்கையாளர் அனுப்பும் புகார் ஜென்டெஸ்க் மாதிரி மென்பொருளில் ஒரு எண்ணோடு பதிவாகுமே, அது. அதைத் திருத்தும் வேலையை இப்போது ஏஐ ஏஜென்ட்களிடம் கொடுக்கிறார்கள். கருவியின் பெயர், விளக்கம், என்னென்ன தகவல் அனுப்ப வேண்டும் என்ற பட்டியல்... ஏஜென்டுக்குக் கிடைப்பது பெரும்பாலும் அவ்வளவுதான். ஆந்த்ரோபிக் 2024 நவம்பரில் வெளியிட்ட எம்சிபி முறையிலும் இதே கதைதான்.

அந்த விளக்கத்தில் சிலர் எழுதுவது: "டிக்கெட்டை அப்டேட் செய்யும்." பின்னே, தோசையா சுடும்?

ஒரு டிக்கெட்டில் ஏற்கெனவே மூன்று டேக் இருக்கிறது என்று வையுங்கள். ஏஜென்ட் 'அவசரம்' என்று நாலாவதைச் சேர்க்க நினைத்து, டிக்கெட்டைத் திருத்தும்போது அதை மட்டும் அனுப்பினால் ஜென்டெஸ்கில் பழைய மூன்றும் காலி. அங்கே அது சேர்ப்பதில்லை, மொத்தமாக மாற்றிவிடுகிறது.

கமெண்ட் இன்னும் மோசம். வாடிக்கையாளர் பார்க்கக்கூடிய டிக்கெட்டில் 'பப்ளிக்' என்பதை ஃபால்ஸ் என்று சொல்லாமல் விட்டால், எழுதியது அவருக்கும் தெரியும். "இந்த ஆள் மறுபடியும் பணம் திருப்பிக் கேட்கிறார், சந்தேகமாக இருக்கிறது" என்று சக ஊழியருக்காக எழுதிய குறிப்பு அந்த ஆளின் மெயிலுக்கே போய் நிற்கலாம். போன மெயில் போனதுதான்!

மனிதர் தட்டச்சு செய்தால் உள்குறிப்புப் பெட்டி மஞ்சளாக இருக்கும், கண்ணே எச்சரித்துவிடும். ஏஜென்டுக்கு அந்த மஞ்சளை எழுத்தில்தான் தர முடியும்: "உள்குறிப்பு என்றால் பப்ளிக்கை ஃபால்ஸ் ஆக்கு. சந்தேகமா, அனுப்பாதே, கேள்."